லோராக்ஸ் கார் விற்ற கதை

குழந்தைகள் புத்தகத்தில் பி.காம். படிப்பவனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் படித்ததிலேயே மிகச் சுருக்கமான வணிகவியல் பாடம் இதுதான்.

புத்தகம், அமெரிக்க எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1971-இல் எழுதி, படமும் வரைந்த 'தி லோராக்ஸ்'. லோராக்ஸ் என்பது மரங்களுக்காகப் பேச வரும் ஒரு குட்டையான மீசைக்காரப் பிராணி. ஒன்ஸ்லர் என்பவன் காட்டுக்கு வந்து, பட்டுக் குஞ்சம் போன்ற தலையுள்ள ட்ரஃபுலா மரத்தை வெட்டி, 'த்னீட்' என்று ஒன்றைப் பின்னுகிறான். அது சட்டையா, தொப்பியா, போர்வையா என்றால், எல்லாம்தான் என்பான்! முதல் த்னீட் 3 டாலர் 98 சென்டுக்குப் போகிறது. பிறகு தொழிற்சாலை, சொந்தக்காரர்களுக்கெல்லாம் வேலை, ஒரே வீச்சில் 4 மரம் வெட்டும் இயந்திரம். பழம் தீர்ந்து கரடி போன்ற பிராணிகள் வெளியேறுகின்றன. புகையால் பறவைகள், கழிவால் மீன்கள். கடைசி மரம் விழுந்த அன்று கம்பெனியும் படுத்துவிடுகிறது.

எங்கள் காஸ்டிங் பாடத்தில் கச்சாப்பொருள், கூலி, மேற்செலவு எல்லாம் உண்டு. அந்தப் பறவையையும் மீனையும் எந்தத் தலைப்பில் எழுதுவது? ஒன்ஸ்லரின் கணக்குப் புத்தகம் கடைசி மரம் வரை லாபம்தான் காட்டியிருக்கும்.

உண்மையைச் சொன்னால், லோராக்ஸ் திட்டுவதால் கதையில் ஒன்றும் நடப்பதில்லை. கதையின் பலம் ஒன்ஸ்லர்தான். சூஸ் அவன் முகத்தை வரையவே இல்லை, பச்சைக் கைகள் மட்டும்தான். நாளை வேலைக்குப் போகப்போகும் நானாகவும் இருக்கலாம். 2012-இல் வந்த படத்தில் அவனுக்கு முகமும் கொடுத்து, கையில் கிடாரும் கொடுத்துவிட்டார்கள். அதோடு நின்றார்களா? அதே ஆண்டு மாஸ்டாவின் சிஎக்ஸ்-5 கார் விளம்பரத்தில் லோராக்ஸ்! மரத்துக்காகப் பேசியது, எஸ்யூவிக்காகப் பேசியது. அதுவும் ஒரு த்னீட் ஆகிவிட்டது.

சூஸ் அப்படிப்பட்டவர் அல்ல என்று நினைக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. புத்தகத்தில் ஈரி ஏரியின் அசுத்தத்தைச் சொல்லும் ஒரு வரி இருந்தது. ஏரி இப்போது தேறிவிட்டது என்று ஓஹாயோவிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் எழுதியதும், பிந்தைய பதிப்புகளில் அதை எடுத்துவிட்டார். 2014 ஆகஸ்டில் அதே ஏரியில் நச்சுப் பாசி பெருகி, டொலிடோ பகுதியில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. வரியைத் திரும்பச் சேருங்கள் என்று எழுதிப்போட சூஸ் இல்லை. 1991-லேயே காலமாகிவிட்டார்.