சாம்பிள் கொடுக்கிறவன் ஏமாளியா?



"சாம்பிள் கொடுக்கிற கம்பெனிக்காரன் ஏமாளி மாமா, வாங்குறவன் வாங்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்" என்று சிவகிரியில் கடை வைத்திருக்கும் என் மருமகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுத, நம் பிள்ளைகள் பத்துப் பேர் கைதட்டியிருக்கிறார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவன் இதற்கு எப்படி மார்க் போடுவேன்?

சிக் ஷாம்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தொடங்கிய கம்பெனி. ஷாம்பூ பழக்கமே இல்லாத கிராமங்களுக்குப் போய், பையன்களுக்குத் தலை தேய்த்துக் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொல்லி, பாக்கெட்டைச் சும்மா கொடுத்தார்கள். இன்னொரு திட்டம் அதைவிடக் கெட்டிக்காரத்தனம். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றிவிட்டார்கள்! போனது ஒரு பாக்கெட். வந்தது ஒரு வீட்டுத் தலைகள் அத்தனையும், வருஷக்கணக்கில். இதுவா ஏமாளித்தனம்?

இதில் எனக்குக் கோபம் கிடையாது. பிடிக்காதவர் மறுநாளே சீயக்காய்க்குத் திரும்பலாம். (எங்கள் வீட்டில் இன்றும் வெள்ளிக்கிழமை சீயக்காய்தான்.) திரும்பி வரும் வழியை அடைக்கிற இலவசத்தின் மேல்தான் கோபம்.

ஜியோ 2016 செப்டம்பரில் வந்து, 2017 மார்ச் 31 வரை டேட்டாவை அள்ளிக் கொடுத்தது. 170 நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்தார்கள். 2018-ல் ஏர்செல் மூழ்கியதற்குக் கடன் முதலான வேறு காரணங்களும் உண்டு என்றாலும், போட்டிக்கு இருந்த கடைகள் குறைந்தது குறைந்ததுதான். 2024 ஜூலையில் மூன்று பெரிய கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றியபோது நாம் எங்கே போனோம்? பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறிய சிலர் சிக்னல் தேடி மாடியேறினார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது பிறந்த குழந்தைக்கான பால் பவுடர் சாம்பிள். பிள்ளை சப்பச் சப்பத்தான் தாய்க்குப் பால் ஊறும். முதல் வாரத்திலேயே புட்டிப்பாலில் வயிறு நிறைந்தால் சப்புவது குறையும், பாலும் வற்றும். இலவச டப்பா தீரும்போது அடுத்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்கியே ஆகவேண்டும். சீயக்காய்க்குத் திரும்புவதுபோல இங்கே சுலபமாகத் திரும்ப முடியாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 1981-ல் விதிமுறை வகுத்தது. இந்தியா 1992-ல் சட்டமே போட்டு, தாய்மார்களுக்கு இந்த சாம்பிள் கொடுப்பதைத் தடை செய்து, 2003-ல் அதை இன்னும் இறுக்கியது. பலன் தராத வியாபாரத் தந்திரமாக இருந்தால் அதைத் தடுக்க நாடாளுமன்றம் கூடியிருக்குமா மருமகனே?

பிரசவத்துக்கு நாள் நெருங்கிய பிள்ளைகள் இதைப் படிக்கிறீர்கள். டாக்டர் காரணம் சொல்லி எழுதிக் கொடுத்தால் அது வேறு விஷயம். மற்றபடி யாராவது டப்பாவைச் சும்மா நீட்டினால் வாங்காதீர்கள். யார் கொடுத்தது, எங்கே, எந்தத் தேதி என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். மனு நான் எழுதித் தருகிறேன்.