கைபேசியைப் பறிக்கும் முன்

பாரிவாக்கத்திலிருந்து நீரிழிவுள்ள பிள்ளையை அழைத்துவரும் தாய்மாரின் குறை பெரும்பாலும் ஒன்றே: இன்சுலின் மறந்துபோகிறது, கைபேசி விளையாட்டு மறப்பதில்லை. அந்தக் கவனத்தையே சிகிச்சைக்குத் திருப்ப இயலாதா?

1995-இல் அமெரிக்காவில் 'பேக்கி அண்டு மார்லன்' என்னும் வீடியோ கேம் வெளிவந்தது. நீரிழிவுள்ள இரண்டு யானைகள் அதன் நாயகர்கள். எலிகள் திருடிய உணவையும் மருந்தையும் மீட்க வேண்டும். இடையிடையே சர்க்கரையை அளந்து, இன்சுலின் அளவையும் உணவையும் தீர்மானிக்க வேண்டும். 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் ஆறு மாதம் நடந்த ஆய்வு 1997-இல் வெளியானது. அதை ஆடியவர்கள் நோயைப் பற்றிப் பெற்றோரிடம் கூடுதலாகப் பேசினர். அவசரமாக மருத்துவரிடம் ஓடுவதும் வெகுவாகக் குறைந்தது. சாதாரண விளையாட்டைப் பெற்ற பிள்ளைகளிடம் அத்தகைய மாற்றம் இல்லை. (ஆகவே தம்பிகளே, நள்ளிரவு ஆட்டத்துக்கு இக்கட்டுரையைச் சான்றாகக் காட்டாதீர்!)

அங்கே முடிவெடுத்தது பிள்ளை என்பதே அதன் பயனுக்குக் காரணம் என்று கருதுகிறேன். பிழை செய்தாலும் தோற்பது யானைதான், மீண்டும் ஆடலாம். நம் வீடுகளிலோ ஊசியின் அளவு முதல் இட்லியின் எண்ணிக்கை வரை அனைத்தையும் அம்மாவே தீர்மானிக்கிறார். கல்லூரி விடுதியில் சேரும் மகனுக்கு அவற்றை யார் சொல்வார்?

இன்றிரவு உணவுக்கு முன் குளுக்கோமீட்டரின் எண்ணைப் பிள்ளையே படிக்கட்டும். எத்தனை யூனிட் என்பதையும் முதலில் அவனே சொல்லட்டும். மருத்துவர் எழுதித் தந்த அளவோடு நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஊசி.