பொட்டலத்துக்கு விலை போட்டாச்சு, குப்பைக்கு யார் போடுவது?

என் அக்கா மகன் திருவொற்றியூரில் இருக்கிறான். துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டு ஒன்றில் வேலை. பொன்னேரியிலிருந்து தூயமல்லி அரிசி மூட்டையோடு போன தடவை அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் போனை நீட்டிவிட்டான். "மாமா, இந்த ஷேரைப் பாருங்க. பேக்கிங் கம்பெனி. உலகத்துலயே பெரிய ஆளுங்க ரெண்டு பேரு ஒண்ணா சேர்ந்திருக்காங்க. ஆனா விலை மட்டும் ஏறவே இல்ல. மலிவா கிடைக்குது, வாங்கிப் போடலாமா?"

எனக்கென்னடா தெரியும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த மாதிரி கம்பெனிகள் செய்கிற சரக்குதான் நம் வரப்பிலும் வாய்க்காலிலும் மாட்டு வயிற்றிலும் கிடக்கிறது. அதனால் உட்கார்ந்து பார்த்தோம்.

கம்பெனியின் பெயர் ஆம்கோர். ஆஸ்திரேலியாவில் காகித ஆலையாகத் தொடங்கியது, இப்போது தலைமையகம் சுவிட்சர்லாந்தில். சிப்ஸ் பாக்கெட், சாஸ் பாட்டில், மருந்து அட்டை என்று நாம் பிரித்துத் தூக்கிப் போடுகிற எல்லாம் செய்கிறது. 2023இல் குஜராத்தில் பீனிக்ஸ் பிளெக்சிபிள்ஸ் என்ற கம்பெனியை வாங்கி இங்கேயும் கால் ஊன்றியது. 2024 நவம்பர் 19 அன்று, அமெரிக்காவின் பெர்ரி குளோபலோடு சேரப்போவதாக அறிவித்தது. 2025 ஏப்ரல் 30இல் சேர்ந்தும் விட்டது. இதில் ரொக்கம் கைமாறவில்லை. பெர்ரி பங்கு ஒன்றுக்கு ஆம்கோர் பங்கு 7.25 கொடுத்தார்கள். சேர்ந்த கம்பெனியில் பழைய ஆம்கோர்க்காரர்களுக்கு 63 சதவீதம், பெர்ரிக்காரர்களுக்கு 37.

மருமகன் "விலை ஏறல" என்றானே, முதல் தப்பு அங்கேதான். பங்கைக் கொடுத்துப் பங்கை வாங்கினால் பங்குகளின் எண்ணிக்கை பெருகிவிடும். முன்பு நூறு பேர் பிரித்துக்கொண்ட லாபத்தை இப்போது ஏறக்குறைய 159 பேர் பிரிக்க வேண்டும். கூட வந்த கம்பெனியின் லாபம் அந்தக் கூடுதல் 59 பேருக்குப் போதுமா என்றுதான் கேட்க வேண்டும். கம்பெனி பெரிசாச்சு என்பதாலேயே ஒரு பங்கின் மதிப்பு பெரிசாகாது. இன்னொன்று: 2026 ஜனவரியில் ஐந்து பங்கை ஒன்றாக்கினார்கள். போனில் தெரியும் விலை ஐந்து மடங்காகும், அவ்வளவுதான். ஐந்து பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து ஒரு ஐம்பது வாங்குகிற கதை. பழைய விலையையும் புது விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் ஏமாந்து போவார்.

அப்புறம் எதற்காகச் சேர்ந்தார்கள்? சேமிப்புக்காக. சேர்ந்த மூன்றாம் வருஷத்துக்குள் ஆண்டுக்கு 65 கோடி டாலர் ஆதாயம் வரும் என்றார்கள். இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. அண்ணன் தம்பி ரெண்டு பேர் நிலத்தைச் சேர்த்து நடுவரப்பை வெட்டினால் ஒரு மோட்டார், ஒரு களத்துமேடு, ஒரு டிராக்டர் போதும். உரக்கடையிலும் (நாம போறதில்லை, சும்மா ஒரு பேச்சுக்கு) பேரம் பேசலாம். உண்மையான ஆதாயம்தான். ஆனால் வரப்பை வெட்டுகிற கூலியை முதலில் கொடுக்க வேண்டும். தம்பி நிலத்து மேல் இருக்கிற கடன் அன்றைக்கே நம் தலைக்கு வந்துவிடும். ஆதாயமோ மூன்று போகம் தாண்டித்தான் வரும். பெர்ரி ஏற்கெனவே பெருங்கடன்காரர். அந்தக் கடனையும் சேர்த்துத்தான் ஆம்கோர் வாங்கியிருக்கிறது. கையோடு, பிடிக்காத தொழில்கள் சிலவற்றை விற்கப் பார்க்கிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இதில் "சரிசெய்த லாபம்" என்று ஒன்று போடுவார்கள். இணைப்புக்கு ஆன செலவை ஒதுக்கிவிட்டு, வாங்கின கம்பெனியின் பெயருக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கொடுத்த கூடுதல் விலையை வருஷா வருஷம் கழிக்க வேண்டியதையும் ஒதுக்கிவிட்டுக் காட்டுகிற லாபம். கல்யாணச் செலவைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இந்த வருஷம் நல்ல வருஷம் என்கிற மாதிரி. ஒரு கல்யாணம் என்றால் ஒத்துக்கலாம். நாலு வருஷத்துக்கு ஒரு கல்யாணம் பண்ணுகிற வீட்டில் அதை எப்படித் தள்ள முடியும்?

ஏன் சொல்கிறேன் என்றால் ஆம்கோருக்கு இது முதல் கல்யாணம் இல்லை. 2019 ஜூனில் பெமிஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியை இதே மாதிரி, ஒரு பங்குக்கு 5.1 பங்கு கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. அப்போதும் 18 கோடி டாலர் சேமிப்பு என்றார்கள். சொன்ன சேமிப்பு வந்துவிட்டது என்றும் கம்பெனியே அறிவித்தது. ஆனால் பெர்ரி இணைப்பை அறிவித்த நாளில் பங்கு விலை, நடுவில் ஏறி இறங்கி, பழையபடி பத்து டாலர் பக்கம்தான் நின்றது. ஐந்து வருஷத்தில் பங்குக்காரர் கண்டது பெரும்பாலும் டிவிடெண்ட் மட்டும். சேமிப்பு எங்கே போச்சு? உறையை வாங்குகிறவர்கள் சோப்பும் நொறுக்குத்தீனியும் விற்கிற ராட்சசக் கம்பெனிகள். இவர்களுக்கு மிச்சமானால் அவர்கள் விலையைக் குறைக்கச் சொல்வார்கள். கமிஷன் மண்டியில் நிற்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

இதுவரை சொன்னது எந்த முதலீட்டுக்காரரும் சொல்கிற கணக்கு. எனக்கு உறுத்துவது வேறு. உறையைச் செய்து விற்றதும் கம்பெனி ஏட்டில் அது வரவு. பிரித்துப் போட்டபின் அது எந்த ஏட்டிலும் இல்லை.

மருமகன் வீட்டிலிருந்து கொடுங்கையூர் ரொம்ப தூரம் இல்லை. காயலான் கடைக்காரர் பால் கவரை எடுத்துக்கொள்வார், தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்வார். சிப்ஸ் பாக்கெட்டைத் தொடமாட்டார். அது பாலியஸ்டர், அலுமினியப் பூச்சு, பாலிஎத்திலீன் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. பிரிக்க முடியாது, பிரித்தாலும் கட்டுப்படியாகாது. ஆக அது நேரே குப்பைமேட்டுக்குத்தான். நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்த மேடு அது. இப்போது நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை அங்கேயே கட்டப்போகிறோம் என்கிறது மாநகராட்சி. 2025 மே மாதம் வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்றார்கள். அனல்மின் நிலையப் புகை, சுத்திகரிப்பு ஆலைப் புகை எல்லாம் வாங்கியாச்சு, இனி பாக்கெட் புகையும் நாங்கதான் வாங்கணுமா என்பது அவர்கள் கேள்வி. அந்தப் புகைக்கு எந்தப் பங்கு விலையில் கழிவு போட்டிருக்கிறார்கள்?

கழிவு போட வைக்கத்தான் சட்டம் வந்தது. 2022 பிப்ரவரியில் திருத்திய பிளாஸ்டிக் கழிவு விதிகள்படி, சந்தைக்கு அனுப்பிய உறைக்குத் தயாரிப்பவரும் பிராண்டுக்காரரும் பொறுப்பேற்க வேண்டும். 2025-26 முதல் கெட்டி பிளாஸ்டிக்கில் 30 சதவீதம் மறுசுழற்சி மூலப்பொருள் இருக்க வேண்டும், 2028-29இல் அது 60 ஆகும். பல அடுக்கு உறைக்கு வெறும் 5, பிறகு 10. கஷ்டமான சரக்குக்குத்தான் சலுகை அதிகம்! பொறுப்பை நிறைவேற்றியதற்குச் சான்றிதழ் வாங்கிக் காட்டலாம் என்றார்கள். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன.

ஏட்டில் எழுதாத செலவு இல்லாமல் போகாது, நேரம் பார்த்து வரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் வந்தது. கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அந்த ஆலையும் ஓர் இணைப்பில் கைமாறியதுதான். பாரி கம்பெனியின் உரப் பிரிவு 2003இல் கோரமண்டலுக்குப் போனபோது கூடவே போனது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு என்று கணக்கிட்டது. அப்போது யாராவது நிலம், கட்டடம், இயந்திரம் என்று மதிப்புப் போட்ட தாளில் "குப்பத்து ஜனங்களின் தூக்கம்" என்று ஒரு வரி எழுதியிருப்பார்களா?

மருமகனிடம் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். இந்தப் பங்கு மலிவு இல்லை, கழிக்க வேண்டியதைக் கழிக்காததால் மலிவாகத் தெரிகிறது. யூரியா போட்டு நாலு போகம் எடுத்துவிட்டு, மண்ணைச் சக்கையாக்கிக் கொடுத்துவிட்டுப் போகிற குத்தகைக்காரரின் லாபம் மாதிரி. அவர் நோட்டில் எல்லாம் வரவாகவே இருக்கும்.

எதிர்வாதமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. சட்டம் இறுகினால் ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் உறை செய்யவும் மறுசுழற்சிச் சரக்கு வாங்கவும் பெரிய கம்பெனியால் முடியும், சின்னப் பட்டறையால் முடியாது. சேர்ந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். 2025க்குள் எங்கள் உறை எல்லாம் மறுசுழற்சி செய்யவோ திரும்பப் பயன்படுத்தவோ தக்கதாக இருக்கும் என்று ஆம்கோர் 2018லேயே வாக்குக் கொடுத்தது. "தக்கது" என்ற சொல்லைக் கவனியுங்கள். விதைக்கத்தக்க நெல் வேறு, விதைத்த நெல் வேறு.

எல்லாம் கேட்டுவிட்டு அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். போன மாதம் நான் கொடுத்த சாமை பாக்கெட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். பளபளப்பு, ஜிப், பசுமாட்டுப் படம். "இது யாரு செஞ்சது மாமா?"

விதிப்படி உறையில் தயாரித்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் குழுவின் பெயர் இருந்தது, "நஞ்சில்லா உணவு" என்று இருந்தது, அது இல்லை. பாரிமுனைக் கடையில் கிலோ கணக்கில் வாங்கியது, அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அரிசிக்குத் துணிப்பை போதும். சாமைக்கும் மாவுக்கும் துணியில் வண்டு வந்துவிடுகிறது, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுக்கிறார். பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தால் கொடுத்துவிடலாம் என்று குழுவில் ஒருவர் முன்பே சொன்னார், நாங்கள்தான் செலவு என்று தள்ளிப்போட்டோம். அந்த பாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கும்போது மேஜையில் வைக்க வேண்டும்.