ஒழுகும் கூரையும் உறுத்தும் மனச்சான்றும்



தை மாதத்து மாலையொன்றில் செபமாலை முடிந்து கோவிற் கதவைப் பூட்டவிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மையார் தயங்கித் தயங்கி அருகே வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர். "சாமி, ஒரு வழக்குப் போட்டால் பாவமா?" என்று கேட்டார். யார் மீது என்று வினவினேன். அவர் பெயரைச் சொல்லாமல், கோவிலின் முன்வரிசை இருக்கையைக் கண்ணாற் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது.

ஓய்வூதியப் பணம் 22 இலட்சத்தையும் கொட்டிக் கட்டிய வீடு அது. வீட்டை மந்திரித்தவனும் நானே. பூச்சின் வெண்மையையும் தரையின் பளபளப்பையும் அன்று நானும் மெச்சியிருக்கிறேன். வைகாசியில் குடிபுகுந்தார், ஐப்பசியில் சமையலறைத் தளம் ஒழுகிற்று. முன்சுவரில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடிற்று. காண்ட்ராக்டரிடம் சொன்னால், "புது வீடு அப்படித்தான், ஒரு மழை போகட்டும்" என்பார். இரண்டு மழைக்காலம் போயின. கைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. ஞாயிறுதோறும் ஒரே பீடத்தின் முன் இருவரும் நற்கருணை வாங்கிச் செல்கிறார்கள்.

அம்மையாரின் மனத்தை உறுத்தியது புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஆறாம் அதிகாரம். சகோதரன் சகோதரனுக்கு எதிராக, அதுவும் புறவினத்தார் முன்னிலையில், வழக்காடுவதை அப்போஸ்தலர் அங்கே கடிந்துரைக்கிறார். உண்மைதான். ஆனால் அதே பகுதியில், சகோதரரிடையே நியாயம் தீர்க்கத்தக்க அறிவாளி ஒருவன்கூட உங்களிடம் இல்லையா என்று கேட்பவரும் அவரே. அநியாயம் செய்பவர்களும் சகோதரர்களையே வஞ்சிக்கிறார்களே என்று அவர் வருந்துவதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பெஸ்துவின் முன்னிலையில் தம் உரிமை பறிபோகும் நிலை வந்தபோது செசாரிடம் முறையிட்டவரும் இதே சின்னப்பர்தான். மேலும், மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்காமல் வீடு கட்டி, எவனாவது விழுந்தால் இரத்தப்பழி உன்மேல் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. வீடு கட்டுவது வேதத்துக்கும் சிறு காரியமன்று.

பழங்காலத்தார் இதில் நம்மைவிடக் கண்டிப்பு மிக்கவர்கள். பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டம் பொறித்த கல்லைப் பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். கட்டியவனின் குறையால் வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால், கட்டியவனுக்கு மரணம். சுவர் மட்டும் சரிந்தால், அவன் தன் சொந்தச் செலவில் அதை வலுப்படுத்த வேண்டும். முதலாவது விதி நமக்கு வேண்டாம். இரண்டாவதைத்தான் அந்த அம்மையார் கேட்டார்.

இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்குமுன் வேறொரு பங்கில் குருமனை கட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாடித் தளம் தண்ணீர் தேங்கிக் கசிவது தெரிந்தும், கட்டியவர் நல்ல மனிதர், கோவிலுக்கு நன்கொடை தந்தவர் என்ற கூச்சத்தால் கடைசித் தவணையையும் கொடுத்துத் தீர்த்தேன். ஒரு துண்டுத் தாளில்கூடக் குறையை எழுதி வாங்கவில்லை. எனக்குப் பின்வந்த குருவானவர் மக்களின் உண்டியற் பணத்தில் அதைப் பழுதுபார்த்தார். என் கூச்சத்துக்கு ஏழைகள் விலை கொடுத்தார்கள்.

ஆகவே அம்மையாரிடம், பாவமில்லை, ஆனால் ஒழுங்குப்படி செய்யுங்கள் என்றேன். முதலில் தனியாகப் பேசுவது. கேளாவிடில் இருவர் மூவரை அழைத்துச் செல்வது. அதன் பின்பே சபை. மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரம் காட்டும் வரிசை இது. வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டபோது, சட்டத்தின் வரிசையும் ஏறக்குறைய அதுவே என்றார்: நேரில் கேட்டல், எழுத்தில் அறிவிப்பு, பிறகு ஆணையம்.

வீடு கட்டித் தருவது ஒரு சேவை. அதில் குறை இருந்தால் நுகர்வோர் முறையிடலாம். 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது தெளிவாக இல்லாதிருந்தது. 1993-இல் திருத்தம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் லக்னோ வளர்ச்சிக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தி, அரசு அமைப்பாயினும் பொறுப்பினின்று தப்ப முடியாது என்றது. இப்போது நடப்பிலிருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். கொடுத்த தொகை 50 இலட்சம் வரையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். ஐந்து இலட்சம் வரை கட்டணமே இல்லை. அம்மையாரின் 22 இலட்சத்துக்கு ஆயிரம் ரூபாய்தான். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு கெடு உண்டு: காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் பொறுக்கலாம். அதை நம்பி இருக்கலாகாது. வீடு கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தோம். ஓராண்டு எட்டு மாதம் கழிந்திருந்தது. "ஒரு மழை போகட்டும்" என்ற சொல்லின் விலை அப்போதுதான் அம்மையாருக்குப் புரிந்தது.

அடுக்ககத்தில் வீடு வாங்கியோருக்கு வேறொரு வழியும் உண்டு. 'ரேரா' என்று வழங்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்படைத்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிவிக்கப்பட்டால் 30 நாளுக்குள் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ உள்ள திட்டங்களுக்கு அதில் விலக்கு உண்டு. சொந்த மனையில் காண்ட்ராக்டரை வைத்துக் கட்டிய நம் அம்மையாருக்கு அது பொருந்தாது. அவருக்கு ஆணையமே வழி. காவல் நிலையத்துக்கு ஓடும்படி சிலர் யோசனை சொன்னார்களாம். கெட்ட வேலையெல்லாம் மோசடிக் குற்றமாகிவிடாது. ஆரம்பத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்ததைக் காட்டவேண்டும். அங்கே நடக்கும் கட்டப் பஞ்சாயத்தில் முடிவில் இரு தரப்பும் இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு சான்று திரட்டும் வேலை. ஒப்பந்தப் பத்திரம், வங்கியில் பணம் சென்ற கணக்கு, தேதியுடன் எடுத்த படங்கள் எல்லாம் ஒரு கோப்பில் சேர்ந்தன. ஒழுகலைச் சகிக்காமல் மேலே சிமெண்ட் பூசிவிட அம்மையார் துடித்தார், தடுத்தேன். பழுதை மூடிவிட்டால் பழுதுக்குச் சாட்சி ஏது? கட்டடப் பொறியாளர் ஒருவரைக் காட்டிய பின்பே கை வைக்கலாம். பூச்சு காய்வதால் தோன்றும் மயிரிழை விரிசல் ஒன்று. அடித்தளம் இறங்குவதால் சாய்வாக ஓடி அகலும் விரிசல் வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கி முறையிட்டால் வழக்கே நகைப்புக்கிடமாகும். வந்த பொறியாளர், முன்சுவர் விரிசலை இரண்டாம் வகையென்று எழுதினார். தளத்துக்குக் காரணம் வேறு: தண்ணீர் விட்டு ஆற்றியது போதவில்லை. இந்தியத் தர நெறிமுறை 456-இன்படி சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாளேனும், கலப்புச் சிமெண்டுக்குப் பத்து நாளேனும் ஈரம் காக்க வேண்டும். வெயில் கடுமையென்றால் இன்னும் கூடுதல். இங்கே மூன்றே நாள்தான் என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். அம்மையார் பக்கமும் ஒரு குறை வெளிப்பட்டது. வரைபடத்தில் இல்லாத தண்ணீர்த் தொட்டியொன்றைச் சமையலறைக்கு மேல் வைக்கச் சொன்னவர் அவரே. அதையும் மறைக்காமல் எழுதும்படி சொன்னேன்.

பதிவுத் தபாலில் அறிவிப்புப் போன நான்காம் நாள், காண்ட்ராக்டர் என் அறைக்கு வந்தார், முகம் சிவந்திருந்தது. "சாமி, நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்களா?" "ஆம்" என்றேன். வெகுநேரம் பேசாதிருந்தார். பின்பு தம் பக்கத்தைச் சொன்னார். தளம் போட்ட மறுநாளே ஆட்கள் திருவிழாவுக்கு ஊர் போய்விட்டார்களாம். தண்ணீர் ஊற்ற வைத்த பையன் ஓடிவிட்டானாம். வேறொரு வேலையில் பெருநட்டமாம். பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் ஒழுகுவது அவர் வீட்டுக் கூரையன்று என்பதை நினைவூட்டினேன்.

மாசியில் அவரே ஒரு பொறியாளருடன் அந்த வீட்டுக்குப் போனார். தொட்டியின் இடமாற்றச் செலவை அம்மையார் ஏற்க, சமையலறைத் தளத்தைப் பெயர்த்து மறுபடி போட்டுத் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டார்; பங்குனியில் முடித்தும் கொடுத்தார். இம்முறை பதினான்கு நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். நானே இருமுறை ஏறிப் பார்த்தேன். முன்சுவரின் அடித்தளச் செலவில் உடன்பாடு எட்டவில்லை. கெடு முடிவதற்குப் பதினோரு நாள் இருக்கையில் அம்மையார் ஆணையத்தில் மனுக் கொடுத்தார். ஆணையத்தோடு இணைந்த சமரச மையத்துக்கு அது அனுப்பப்பட்டுள்ளது, இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த அமர்வுக்கு ஒரே பேருந்தில்தான் போக வேண்டியிருக்கும், எங்கள் ஊரிலிருந்து காலையில் இருப்பது அது ஒன்றுதான்.