"அதால என்ன பிரயோசனம்?" என்று கேட்க முன்...



உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை "நான் இரசாயனவியலில் ஆராய்ச்சி செய்யப் போறேன்" என்றால், வாப்பாவும் உம்மாவும் கேட்பது: "அதால என்ன பிரயோசனம்?" ஆசிரியர்களாகிய நாங்களும் அதையேதான் கேட்கிறோம். டாக்டர், எஞ்சினியர் தவிர்ந்த எல்லாவற்றையும் தோல்வியாகப் பார்க்கப் பழகிவிட்டோம்.

1985இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கேர்ள், ஸ்மோலி ஆகியோர் காபன் ஆவியை ஆராய்ந்தார்கள். நட்சத்திரங்களைச் சூழ எப்படியான காபன் மூலக்கூறுகள் உருவாகும் என்பதே குரோட்டோவின் கேள்வி. கிடைத்ததோ 60 காபன் அணுக்கள் கால்பந்து வடிவில் இணைந்த ஃபுல்லரீன். அன்று அதற்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

ஏழு வருடங்கள் கழித்து, 1992இல், கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் துருக்கியின் கொன்யாவில் பிறந்த சரிசிஃப்சியும் அலன் ஹீகர் குழுவினரும் அந்த ஃபுல்லரீனை ஒரு பல்பகுதியத்துடன் சேர்த்து ஒளியைப் பாய்ச்சினார்கள்.

தனிப் பல்பகுதியத்தில் ஒளி பட்டால் இலத்திரன் சக்தி பெற்று எழும்பும். ஆனால், விட்டுவந்த வெற்றிடம் அதைத் திரும்ப இழுத்துவிடும், சக்தி வீணாகும். பக்கத்தில் ஃபுல்லரீன் இருந்தால் அது இலத்திரனை வாங்கிக்கொள்கிறது. அதுவும் ஒரு செக்கனை இலட்சம் கோடியாகப் பிரித்தால், அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில்! திரும்பிப் போவதற்கோ அதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் மின்னை வெளியே எடுக்க முடிகிறது. மெல்லிய, வளையக்கூடிய சேதனச் சூரிய மின்கலங்கள் இந்த வழியில் வளர்ந்தவைதான்.

உண்மையையும் சொல்ல வேண்டும். நமது கூரைகளில் இருப்பவை சிலிக்கன் தகடுகள். சேதன மின்கலங்கள் அந்தளவு நீண்டகாலம் உழைப்பதில்லை. இன்று அவற்றில் 18 சதவீதத்துக்கு மேல் வினைத்திறன் தருபவை ஃபுல்லரீனை விட்டு வேறு வாங்கி மூலக்கூறுகளுக்கு மாறிவிட்டன. ஆனால் இலத்திரனை வாங்கும் மூலக்கூறு எப்படி இருக்க வேண்டும் என்ற பாடத்தைத் தொடங்கி வைத்தது அந்தக் கால்பந்துதான்.

தொழில், சம்பளம் பற்றிய பெற்றோரின் கவலை நியாயமானது. அதைப் பிள்ளையோடு இருந்து பேசுவோம். ஆனால் பேச்சின் முதல் வார்த்தையே "பிரயோசனம்" ஆக வேண்டாம். 1985இல் குரோட்டோவிடம் அதைக் கேட்டிருந்தால், அவரிடமும் பதில் இருந்திருக்காது.