சோடனை வேண்டாம், எழுத்தை அனுப்புங்கள்

இளைய நண்பர் ஒருவர் தாம் எழுதிய கட்டுரையொன்றைப் பார்வையிட்டுத் தருமாறு சென்ற மாதம் அனுப்பியிருந்தார். சொற்செயலிக் கோப்பு. தலைப்பு சிவப்பு, உபதலைப்புகள் நீலம், மேற்கோள்கள் சாய்ந்த பச்சை. "வெறும் எழுத்தாக, மார்க்டவுன் குறிகளுடன் அனுப்புங்கள்" என்று பதில் எழுதினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மீண்டும் தட்டெழுத்துப் பொறிக் காலத்துக்கா போகச் சொல்கிறீர்கள், ஐயா? தடித்த எழுத்து திரையில் தடித்தே தெரியும்போது, இருபுறமும் உடுக்குறி போட்டு எழுத நான் என்ன கணினிப் பொறியியலாளனா?" என்றார். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் பதிலை இங்கே பொதுவில் வைக்கிறேன்.

மார்க்டவுன் ஒன்றும் பொறியியல் அன்று. 2004ஆம் ஆண்டு ஜோன் க்ரூபர் என்ற அமெரிக்கர், ஆரோன் சுவார்ட்ஸ் என்ற இளைஞரின் துணையுடன் வகுத்த எளிய குறியீட்டு முறை அது. வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி இட்டால் தலைப்பு. இரண்டு இட்டால் உபதலைப்பு. சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறிகள் இட்டால் தடித்த எழுத்து. பந்திக்கும் பந்திக்கும் இடையே ஒரு வெற்று வரி. மின்னஞ்சலில் சாதாரண மக்கள் ஏற்கெனவே கையாண்டு வந்த வழக்கங்களையே அவர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். குறிகளை நீக்காமலே மனிதர் வாசிக்கக்கூடியதாகப் பிரதி இருக்கவேண்டும் என்பதே நோக்கம்.

பத்திரிகை ஆசிரியபீடத்தில் இருந்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. அச்சுத்தாள் துண்டுகளில் பேனையால் எழுதினோம். தடித்த எழுத்து வேண்டிய சொல்லின் கீழே அலைக்கோடு போட்டோம். தலைப்பை எந்த அளவில் கோக்கவேண்டும் என்பதை ஓரத்தில் குறித்தோம். அச்சுக்கோப்பாளர் அதைப் பார்த்து எழுத்தை அடுக்கினார், ஒப்புநோக்குநர் திருத்தினார். எழுதுபவன் எழுத்தை மட்டும் கவனித்தான். சொற்செயலி வந்ததும் எழுத்தாளனே அச்சுக்கோப்பாளனும் ஆனான். அந்தத் தொழிலை நம்மில் எத்தனை பேர் கற்றோம்? அரை மணி நேரம் எழுத்துருவைத் தெரிவுசெய்துவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்த கட்டுரைகளை நான் நிறையவே பார்த்துவிட்டேன்.

ஆனால் என் பிடிவாதத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் நான் எழுதிய வாராந்தப் பத்திகளில் பெரும்பாலானவை இன்று என்னிடம் இல்லை. எரியவில்லை, தொலையவில்லை. கோப்புகள் குறுவட்டில் பத்திரமாகவே இருக்கின்றன; திறக்கத்தான் முடியவில்லை. பக்க வடிவமைப்புக்கென வந்த மென்பொருளொன்றின் பழைய பதிப்பில் அவற்றைச் சேமித்தோம். அந்தப் பதிப்பு ஓடக்கூடிய கணினி இப்போது என்னிடம் இல்லை. வெறும் எழுத்துக் கோப்புகளாகச் சேமித்த சிலவற்றில் பாமினி எழுத்துரு. அதில் "தமிழ்" என்பது உண்மையில் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில விசைகளின் வரிசைதான். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் அவ்வாறே தோன்றும். ஆயினும், கவனியுங்கள், அந்த வெறும் எழுத்துக் கோப்புகளையே என்னால் மீட்க முடிந்தது. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் இட்டேன். சில நொடிகளில் ஒருங்குறியாகிவிட்டன. சோடித்து வைத்தவையோ சோடனையுடனேயே கிடக்கின்றன.

மார்க்டவுனிலும் குறைகள் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் விளம்பர முகவர் ஆகிவிடுவேன். தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டும். மேற்கோட்குறிக்குள் உள்ள சொல்லை உடுக்குறிகளுக்குள் அடைத்து, வெளியே "இல்" என்று ஒட்டிப்பாருங்கள்; பல மென்பொருள்களில் தடித்த எழுத்து வராது, உடுக்குறிகளே வந்து நிற்கும். உருபையும் குறிகளுக்குள் சேர்த்துவிடுவதே வழி. கவிஞர்களுக்கு இன்னும் சோதனை: வரி முடிவில் இரண்டு இடைவெளிகள் விடாவிட்டால் கவிதை முழுவதும் ஒரே பந்தியாகிவிடும். (சில புதுக்கவிதைகளில் வேறுபாடு தெரிவதில்லை என்பது வேறு விடயம்.) ஒருமுறை நான் "1981." என்று ஆண்டையும் முற்றுப்புள்ளியையும் இட்டு, யாழ்ப்பாண நூலக எரிப்பைப் பற்றிய பந்தியொன்றைத் தொடங்கினேன். அச்செடுத்தபோது "1." என்று வந்தது. வரித்தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் வந்தால் அது பட்டியல் என்பது விதி. பழைய மென்பொருள் எந்த எண்ணையும் ஒன்றிலிருந்தே தொடங்கிவிடும். புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடு இட்டால் தீர்ந்தது. அதை அறிவதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விட்டது.

மென்பொருளுக்கு மென்பொருள் விதிகள் மாறுபட்ட தொல்லையும் இருந்தது. அதற்காக 2014இல் காமன்மார்க் என்ற பொது வரையறை வந்தது. அதில் முன்னின்றவர்களில் ஒருவரான ஜோன் மக்ஃபார்லேன் ஒரு மெய்யியல் பேராசிரியர். 2006இல் அவர் தொடங்கிய பாண்டொக் என்னும் இலவச மென்பொருள், மார்க்டவுன் பிரதியைச் சொற்செயலிக் கோப்பாகவோ மின்னூலாகவோ மாற்றித் தரும். ஆக, சிவப்புத் தலைப்பு வேண்டுவோர் கடைசியில் இட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

"கடினம்" என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. வாட்ஸ்அப்பில் மரண அறிவித்தல் அனுப்பும்போது இறந்தவரின் பெயரைத் தடித்த எழுத்தில் காட்ட, அதே நண்பர் பெயரின் இருபுறமும் உடுக்குறி இடுகிறார். அங்கே ஒன்று, இங்கே இரண்டு, வேறுபாடு அவ்வளவே. ஊரில் எழுபது வயதான என் மைத்துனரும் அதைச் செய்கிறார். அவரை எவரும் பொறியியலாளர் என்று அழைத்ததில்லை.

நண்பரின் கட்டுரை முந்தாநாள் திரும்பி வந்தது. நிறங்கள் இல்லை, மூன்று உபதலைப்புகள், ஓரிரு உடுக்குறிகள். வாசித்தேன். இரண்டு ஆண்டுகள் பிழையாக இருந்தன. ஒரு பந்தி இரு தடவை வந்திருந்தது. முதல் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அவை இருந்திருக்கின்றன. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே என் கண்ணிலும் படவில்லை, அவர் கண்ணிலும் படவில்லை.