பொய்த் தழும்பு

போர்முகம் காணாதவன் தன்னைப் போர்மறவன் என்று பறைசாற்றிக் கொள்வது ஏன்? பணத்திற்காக என்பர். அது பாதி விடையே.

1972 ஆகசுட்டு 15 முதல் நடுவணரசு விடுதலைப் போராட்டத்தினர்க்கு ஓய்வூதியம் வழங்கியது. சிறைப்பதிவு கிடைக்காவிடத்து உடனிருந்தோர் தரும் சான்றும் ஏற்கப்பட்டது. அவ் விடுக்கிற் பொய்யர் நுழைந்தனர். மராட்டியத்துப் பீடு மாவட்டத்தில் (ஊர்ப்பெயர் மட்டுமே பீடுடையது!) நூற்றுக்கணக்கானோர் பெற்ற ஓய்வூதியம் உசாவலுக்குள்ளாயிற்று, வழக்கு 2005இல் உச்ச அறமன்றம் வரை சென்றது.

ஆனால், காசு பெறாமலே பொய் சொல்பவனை என்னென்பது? அமெரிக்கக் கலிபோர்னியாவில் நீர்வாரிய உறுப்பினர் ஒருவர், தாம் அந்நாட்டின் தலையாய படைப்பதக்கம் பெற்றவரென 2007இல் அவைநடுவே கூறினார். அவர் படையிற் பணியாற்றியவரே அல்லர். வெறும் பொய்யுரைக்காக ஒருவரை ஒறுக்கும் சட்டம் செல்லாதென 2012இல் அந்நாட்டு உச்ச மன்றம் தீர்த்தது. அவர் வேண்டியது கேட்போர் கண்களில் ஒரு நொடி எழும் வியப்பே. தம் வாழ்வு சிறிதென உள்ளுக்குள் நாணுபவர்க்கு அவ் வியப்பு கள்ளினும் இனிக்கும்.

பழந்தமிழரும் தற்பெருமை பேசாதவரல்லர். ஆனால் அவர் பேசியது போருக்கு முன். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறியபோது, வெல்லேனாயின் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் என் நாட்டைப் பாடாதொழிக எனத் தன் புகழையே பணயம் வைத்தான். பொய்ம்மறவனோ கண்டவரெல்லாம் மாண்டபின் வாய்திறக்கிறான். அவன் இழப்பதற்கு ஒன்றுமில்லை. சேரமான் பெருஞ்சேரலாதன் வெண்ணிப் பறந்தலையில் மார்பில் ஏற்ற வேல் முதுகிலும் புண்செய்தமைக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். உற்ற புண்ணுக்கே நாணிய இனத்தில் உறாத புண்ணைக் காட்டித் திரிவோரும் தோன்றினர்! நடுகல்லையும் எண்ணுக. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுத்த பழங்கல்லொன்று ஆகோட்பூசலில் வீழ்ந்தவன் பெயரைச் சொல்கிறது. வீழ்ந்தவன் தனக்குத் தானே கல் நட்டுக்கொள்ள இயலாது, பிறர்தாம் நட்டனர்.

அரியலூர் மாவட்டத்தில் ஊர்ப்பெயரே வெற்றிப்பெயராய்க் கங்கைகொண்ட சோழபுரம் நிற்கிறது. அதே மாவட்டத்துக் கார்குடியினரான சிவச்சந்திரன் நடுவண் சேமக் காவற்படையினராய் 2019 பிப்பிரவரி 14 அன்று புல்வாமாவிற் குண்டுவெடிப்புக்கு இரையானார். தம் பெருமையை அவர் எந்த மேடையிலும் சொல்லப்போவதில்லை. இத்தகையோர் பெயரின் மேலேறி நின்றுதான் பொய்யன் உயரம் காட்டுகிறான்.

நம்மவரையும் விட்டுவைத்தல் தகாது. இராசேந்திரன் கடாரம் வென்றதை மேடைதோறும் முழங்கி, அக் கப்பலில் தாமே சென்றதுபோல் மார்தட்டுவோர் நம்மிடையே மிகுதி. அவரும் தாம் எடுக்காத வாளுக்குத் தழும்பு காட்டுவோரே. பாட்டன் வெற்றி பாட்டனுடையது.

பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிகளும் மன்றங்களும் படைமறவர்க்கு மாலையிடுமுன் அவர்தம் பணிவிடுவிப்பு ஏட்டைக் கேட்டுப் பார்க்கலாம். ஐயம் எழின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உசாவலாம். உண்மையாய்ப் பணியாற்றியவர் அதற்குச் சினவார். ஏட்டை எடுத்துவர வீட்டிற்குள் செல்வார்.